மிக்கேல் சம்மனசும் மஞ்சள் காமாலையும்

பொட்டிபுரம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஏலத்தோட்ட வேலை. கண் இரண்டும் மஞ்சள். சட்டைப்பையில் மிக்கேல் சம்மனசு படம்.

பத்து நாளாக நாட்டு மருந்து, பத்தியம். "சம்மனசு பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன் டாக்டர்" என்றார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை சொந்தங்களே. மிக்கேலுக்கும் காமாலைக்கும் சுமார் 1600 வருடப் பழைய உறவு இருக்கிறது!

நமக்குத் தெரிந்த மிக்கேல் வாளோடு சாத்தானை மிதித்து நிற்பவர். குணமாக்கும் அதிதூதர் என்றால் இரபேலைத்தான் சொல்வோம்.

ஆனால் ஆதியில் மிக்கேலின் கோயில்களுக்கு ஜனங்கள் போனது நோய் தீரத்தான். கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) அருகே கடலோரம் "மிக்கேலியோன்" என்றொரு கோயில் இருந்தது. நோயாளிகள் அங்கே போய் இரவு தங்குவார்கள்.

5ஆம் நூற்றாண்டில் சொசோமென் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கேஸ் எழுதி வைத்திருக்கிறார். நோயாளி அக்விலினுஸ், வக்கீல். காய்ச்சல், உடம்பெல்லாம் மஞ்சள், குடித்த மருந்தும் வாந்தி. "செத்தாலும் அங்கேயே சாகிறேன்" என்று கோயிலுக்குத் தூக்கிப் போகச் சொல்கிறார்.

இரவில் ஒரு தரிசனம். தேன், திராட்சை மது, மிளகு கலந்து அதில் உணவைத் தொட்டுச் சாப்பிடு என்று உத்தரவு. வைத்தியர்களோ, பித்த நோய்க்கு இவ்வளவு சூடு ஆகாது என்றார்களாம். நம்ம ஊர் பேச்சு மாதிரியே இல்லை? ஆனாலும் பிழைத்தார். அந்தக் காலத்தில் ரோமானியர் சாப்பிட்ட மிளகும் நம் மேற்குமலைச் சரக்குதான்!

(இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காமாலையில் மது ஈரலுக்கு விஷம்.)

ரோமில் அந்த வாளுக்கே ஒரு நோய்க் கதை உண்டு. 590இல் கொள்ளைநோய். போப் கிரகோரி ஜெப ஊர்வலம் நடத்தியபோது, ஹாட்ரியன் மன்னர் சமாதி மேல் மிக்கேல் வாளை உறையில் போடுவது தெரிந்தது, நோய் நின்றது என்பது ஐதீகம். அந்தக் கட்டடம்தான் இன்றைய சாந்த் ஆஞ்சலோ கோட்டை.

இப்போது நம் கோவைக்கு வாருங்கள். பெரியகடை வீதியில் உள்ள புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியவர் பிரெசியாக் என்ற பிரெஞ்சு ஆயர். 1850இல் கோவை தனி மறைத்தளம் ஆனபோது அதன் முதல் தலைவர். திருச்சபைக்குள் சாதி வழக்கங்கள் பற்றிய சர்ச்சையில் மனம் ஒப்பாமல் 1855இல் பதவி விலகினார்.

அடுத்த வருடம் ஆப்பிரிக்காவுக்கென ஒரு சபை தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஜூன் 25 அன்று இறந்தார். வயது 45. நோய்? மஞ்சள் காய்ச்சல். ஆம், இதுவும் ஈரலைத் தாக்கி உடம்பை மஞ்சளாக்குவது!

பக்தியில் என்ன குறை அவருக்கு? மிக்கேலுக்குக் கோயில் கட்டியவர். ஆனால் அது கொசு பரப்பும் நோய் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. 1881இல் கியூபா மருத்துவர் ஃபின்லே சொன்னார். 1900இல் வால்டர் ரீட் குழு நிரூபித்தது. தடுப்பூசி வந்தது 1937இல்.

அவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது.

நம் பெரியவருக்கு வந்திருந்தது எலிக்காய்ச்சல். சிறுநீரகமும் பாதி பழுது. ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றினோம். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை.

காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறி. பின்னால் வைரஸ் இருக்கலாம், எலிக்காய்ச்சல் இருக்கலாம், பித்தக்கல் இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம்.

கண் மஞ்சளானால் கோயிலுக்குப் போங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அதே நாளில் ரத்தப் பரிசோதனைக்கும் போய்விடுங்கள்.

அந்தப் படம் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் மருந்துச் சீட்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.