பெயரில்லாக் கொடை

தமிழர் கூடும் எந்த மண்டபத்துள் நுழைந்தாலும் நம் கண்ணில் முதற்கண் படுவது உபயக்காரர் பெயரேயாகும். சுவரிற் பதித்த சலவைக்கல்லிலே பெயரும் தொகையும், மணியிலே பெயர், நாற்காலியின் முதுகிலே பெயர், மின்விளக்கின்மேற் பெரிய எழுத்தில் தீட்டிய பெயரோ, விளக்குத் தரும் ஒளியிற் பாதியைத் தானே விழுங்கிவிடுகிறது. அசாம் ஜாவாவிலிருந்து கோல சிலாங்கூர் வரையிலுமுள்ள தோட்டங்களையும் பட்டணங்களையும் சுற்றி வருவோர் இக்காட்சியை நன்கறிவர். கொடுத்தவர் பெயரை எழுதுவது குற்றமென்பது நம் கருத்தன்று. பொதுப்பணத்தின் கணக்கு வெளிப்படையாயிருத்தல் நன்றே. ஆயினும், பெயர் எழுதப்படாத கொடை என ஒன்றும் உண்டன்றோ? அதன் வரலாற்றை எழுதுவார் யார்?

பெயரில்லாக் கொடை இருவகைப்படும். கொடுத்தவர் தாமே தம் பெயரை மறைத்துக்கொள்வது ஒன்று. கொடுத்தவர் பெயரை ஒருவரும் கேளாமலே விடுவது மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது.

முதல் வகைக்கு, நம்மவர் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து சான்று காட்டுவோம். அமெரிக்க நாட்டிற் குறிசுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோருள், தம் தோட்டாக்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஒரு சாரார் உளர். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை இவர்கள் எறிவதில்லை. அதனை எடுத்து அளவு திருத்தி, அடியிலே புதிய கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்து நிரப்பி, வாயிலே குண்டைச் செருகுவர். ஒரே கூடு பலமுறை பயன்படும். கடைகள் அரிதாயிருந்த மேற்குச் சமவெளிகளிலே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேட்டைக்காரர் சிக்கனம் கருதிக் கைக்கொண்ட வேலை இது. மருந்தின் அளவு பிழைத்தால் துப்பாக்கியே வெடித்துக் கையைக் கொண்டுபோகும். ஆதலால், அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லிக்கொடுப்பது அவர்களிடையே ஒரு கடமையாகவே வளர்ந்தது. சுடுமிடத்திலே தம் வெற்றுக் கூடுகளைப் பின்வருவோர்க்கென விட்டுச் செல்வோர் உண்டு. 2020ஆம் ஆண்டில் அங்கே தோட்டாவும் கேப்பும் கிடைப்பது அரிதானபோது, தம் கையிருப்பைப் பகிர்ந்துவிட்டுப் பெயர் சொல்லாது போனோரும் உண்டு.

நம் மலேசியாவிலே உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தலே குற்றமாதலின், அப்பழக்கம் நமக்குரியதன்று. அவர் குணம் போற்றத்தக்கதே. ஆனால் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மறைத்துக்கொள்ள அவரிடம் ஒரு பெயர் இருந்தது. விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிடின் விடலாம் என்ற உரிமையும் இருந்தது. அவ்வுரிமை இல்லாதவர் கொடுத்தால் அதனை என்னென்பது?

தோட்டாவுக்கும் துப்பாக்கிக்குமாக நம் தோட்ட மக்களும் ஒரு காலத்திற் கொடுத்தனர். அதுவே இரண்டாம் வகை.

கொடுத்தவர் நிலையை முதலிற் காண்போம். யுத்தத்துக்கு முன் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 50 காசு. பெண்ணின் கூலி அதனிலும் குறைவு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வு மட்டும் அவர்கள் கேட்டதன்று. துரையையோ கிராணியையோ கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்றும், தோட்டத்துக் கள்ளுக்கடை மூடப்படவேண்டும் என்றும் கேட்டனர். அதற்குக் கிடைத்த விடை பட்டாளம். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பருக்கு விலையில்லை; தோட்டத்தில் வேலையில்லை; அரிசிக்கு மாறாக மரவள்ளிக் கிழங்கு. சயாம் பர்மா ரயில் பாதைக்கென 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர் மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தமிழர். திரும்பாதவர் பல்லாயிரவர்.

இந்நிலையிலேதான், 1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அதே மாதம் 9ஆம் நாள் கூடிய பெருங்கூட்டத்தில், மூன்று இலட்சம் வீரரும் மூன்று கோடி வெள்ளியும் வேண்டும் என்று கேட்டார். இந்திய தேசிய இராணுவத்தின் கையிலிருந்த ஆயுதங்களிற் பெரும்பகுதி ஆங்கிலேயரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றியவையே. ஆனால் படைக்குச் சோறும் உடையும் முகாமும் வேண்டுமே! எல்லாவற்றுக்கும் ஜப்பானியர் கையை எதிர்பார்த்தால், நாளை அவர்க்கே அடிமையாக நேரும். இந்தியர் படையை இந்தியரே தாங்கவேண்டும் என்பது அவர் துணிபு.

மக்கள் கொடுத்தனர். கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட ஜானகி என்ற இளம்பெண் தம் காதணியைக் கழற்றிக் கொடுத்து, பின்னர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன் என அவர் பெயரை வரலாறு அறியும். அவரைப்போலவே தோட்டும் மூக்குத்தியும் கழற்றிய ரப்பர்த் தோட்டப் பெண்களின் பெயரை வரலாறு அறியாது. ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்தோருள் மிகுதியானவர் அத்தோட்டங்களிலிருந்து வந்தவரேயாவர். நகை அவர்களுக்கு அலங்காரம் மட்டுமன்று. நோய்க்கும் சாவுக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் இருந்த ஒரே சேமிப்பு அதுவே.

செல்வர் கொடையிலும் ஒரு செய்தி உண்டு. சிங்கப்பூரில் செட்டியார் கோவிலார் நேதாஜியை விழாவுக்கு அழைத்தனர். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் புக இயலாத கோவிலுக்குத் தாம் வருவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். கோவிலார் மீண்டும் வந்து, அனைவரையும் அனுமதிக்க உடன்பட்ட பின்னரே, தம் முஸ்லிம் தோழருடனும் பிறருடனும் உள்ளே சென்றார். கொடுப்பவன் நிபந்தனை விதிப்பதே உலக வழக்கம். இங்கோ பெறுபவன் நிபந்தனை விதித்தான். அந்நிபந்தனையால் ஒரு கதவு திறந்தது. சலவைக்கல்லிற் பெயர் பொறிப்பதினும் இது பெரிதன்றோ?

இதுவரை கூறியது பெருமை. மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. அக்கொடை முழுவதும் மனமுவந்து தந்ததன்று. செல்வர்மீது சொத்துக்கேற்ற பங்கு விதிக்கப்பட்டது. தாமாகத் தராதவரிடம் கட்டாயமாகப் பெறப்படும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. சயாமுக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலும் படையிற் சேர்வதே மேல் என்று சேர்ந்த தொழிலாளரும் உண்டு. அஃது ஈகையா, அச்சமா, மானமா? ஒரே நெஞ்சில் மூன்றும் இருந்திருக்கலாம். அவரைக் கேட்டு எழுதியிருந்தாலன்றோ நமக்குத் தெரியும்! பெயரைக் கேளாதவர் காரணத்தையா கேட்பர்? முன்பு கூலி கொடுத்த துரையின் புத்தகத்தில் அவர் ஓர் எண். பிறகு நிதி திரட்டியவர் கணக்கில் ஒரு தொகை. பின்னாளில் மேடையேறிய நம் தலைவர் வாயில் 'தோட்டத்து மக்கள்' என்ற ஒரு சொல். இதனைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. புகழ்ச்சியும் சில வேளை மறதியின் மற்றொரு பெயராகும்.

சயாம் நாட்டுக் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில், மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். ஒவ்வொரு நினைவுக்கல்லையும் பேணிவருகின்றனர். பெரும்பாலானவற்றிற் பெயர் உண்டு. அதே பாதையில் மாண்ட தமிழர்க்கு அவ்வாறு கல்லில்லை. மேலைநாட்டார்மீது இதற்காகச் சினங்கொள்வது பயனற்றது. அவர் தம்மவர் பெயரைத் தேடி எழுதினர், நாம் எழுதவில்லை.

1945 ஆகஸ்டு 18ஆம் நாள் தைப்பே விமான நிலையத்தில் நேதாஜி சென்ற விமானம் வீழ்ந்து எரிந்தது. உடன் சென்ற பெட்டிகளில் மக்கள் கொடுத்த பொன் இருந்தது. தீயிலிருந்து பொறுக்கியவை தோக்கியோவுக்குச் சென்று, 1952இல் டெல்லிக்கு வந்து, தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். கருகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிய நகைத் துண்டுகள். எது இரங்கூன் வணிகன் மனைவியின் வளையல், எது பால்மரம் சீவியவளின் தோடு என்று எவரும் இனிப் பிரிக்க முடியாது.

பொன்னைப் பிரிக்க முடியாது. நினைவை இன்னும் பிரிக்கலாம். அக்காலத்துச் சிறுவராயிருந்தோர் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். ஆயினும், அசாம் ஜாவாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், 'எங்கள் அப்பாயி சொல்வாள்' என்று தொடங்கும் பேச்சு இன்னும் முற்றும் அடங்கவில்லை. அப்பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதட்டும்: அவர் பெயர், அவர் தோட்டம், அவர் கொடுத்தது. மனமுவந்து கொடுத்தாரா, அஞ்சிக் கொடுத்தாரா என்பது தெரிந்தால் அதனையும் எழுதட்டும். அடுத்த உபயக் கல் நாட்டும் சங்கத்தார், தம் பெயருக்கு மேலே அப்பெயர்களுக்குச் சிறிது இடம் விடட்டும்.

தம் பெயரைத் தாமே மறைத்தவரை நாம் தேட வேண்டுவதில்லை. அஃது அவர் விருப்பம். நாம் கேளாமல் விட்ட பெயரைத் தேடுவதோ நம் கடன்.