களை என்ற சொல்

களை என்று ஒரு செடி கிடையாது. களைவது எதுவோ அது களை. செடியைச் செய்யப்போவதையே அதற்குப் பெயராக வைத்துவிட்டோம். வயலில் பறிபடும் அறுகு பிள்ளையார் தலையில் அருச்சனை. பெரும்பாணாற்றுப்படையில் களைஞர் பறித்து எறிவது நெய்தலை. ஒரு திணைக்கே பெயர் தந்த பூ, மருதத்து வயலில் வேண்டாதது.

குறள் (550) இந்த வேலையை அரசனிடம் கொடுத்தது. கொலைபாதகரைத் தண்டிப்பது பைங்கூழில் களையெடுப்பதற்கு நிகர். நியாயந்தான், ஆனால் எது பயிர் என்று தீர்மானிப்பவனும் அரசனே. வள்ளுவர் கொலைகாரரோடு நிறுத்திக்கொண்டார். பின்வந்தவர்கள் நிறுத்தவில்லை. கட்சியை விட்டு ஆளை நீக்கினாலும் களையெடுப்பு. 1980களில் ஈழத்து இயக்கங்களின் உட்படுகொலைகளுக்கும் அதே சொல் வழங்கிற்று.

கம்பனிடம் வேறு மாதிரி. நாட்டுப்படலத்தில் மள்ளர் களையெடுக்க இறங்குகிறார்கள். களையாக நிற்பதெல்லாம் தம் பெண்களின் கண்ணும் கையும் காலும் முகமும் வாயுமாகத் தெரிகின்றன. பறிக்க மாட்டாமல் உலாவி நிற்கிறார்கள். (கள் வேறு குடித்திருக்கிறார்கள்.) நாட்டுவளம், உயர்வுநவிற்சி என்று பண்டிதர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். தமிழில் களையெடுக்கப் போனவன் கை தயங்கி நின்ற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதிலும், நம் வயல்களில் பெண்கள் குனிந்து செய்கிற வேலையை ஆண்களிடம் கொடுத்த பிறகே கம்பனுக்கு அது சாத்தியமாயிற்று.