மன்னிப்பும் நீதியும்

1945 மே 5. ஆஸ்திரியாவின் மவுத்தாவுசன் வதைமுகாமை அமெரிக்கப் படையினர் விடுவித்தபோது, எலும்பும் தோலுமாய் எஞ்சியிருந்தோருள் ஒருவர் சைமன் வீசந்தால். கட்டடக் கலைஞரான அவரும் அவர்தம் மனைவியும் நாசிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்த உறவினர் 89 பேர். அவர் பழைய தொழிலுக்குத் திரும்பவில்லை. 1947இல் லின்ஸ் நகரில் ஆவண மையம் ஒன்றைத் தொடங்கி, தப்பியோடிய கொலைஞரைத் தேடுவதையே வாழ்வாக்கிக் கொண்டார். சாட்சியங்களும் கடிதங்களுமே அவருடைய கருவிகள்.

அவ்வாறு தேடப்பட்டவருள் ஒருவன், திரெப்ளிங்கா முகாமின் தளபதி பிரான்ஸ் ஸ்டாங்கிள். 1967இல் பிரேசிலில் பிடிபட்டான். 1970இல் ஜெர்மானிய நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1948இல் அவன் உரோமைக்கு ஓடிவந்தபோது புகலிடமும் பயண ஆவணமும் கிடைக்கச் செய்தவர் யார்? அலோய்ஸ் ஹூடால் என்னும் கத்தோலிக்க ஆயர்! இதைச் சொல்ல நம் நா கூசுகிறது. ஆயினும் மறைத்தல் தகாது.

பகைவரையும் மன்னிக்கக் கற்றவர்கள் நாம். 'முதுமையில் ஏன் துரத்த வேண்டும்?' என்று கேட்கவும் தோன்றலாம். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதென்ன? குற்றத்தை ஒளிக்காமல் அறிக்கையிடுகிறோம், பரிகாரமும் செய்கிறோம். உண்மைக்கு அஞ்சி ஓடுபவனுக்கு மறைவிடம் தருவது இரக்கமன்று. இறந்தோர்க்கு இழைக்கும் இரண்டாம் அநீதி. கொல்லப்பட்டவர் சார்பில் மன்னிக்க நாம் யார்?

2005இல், 96 வயதில், வீசந்தால் வியன்னாவில் மறைந்தார். அவர் நாடியது பழியன்று, நீதி. நவம்பரில் இறந்தோர்க்காக நாம் செபிக்கும்போது, கல்லறையும் வாய்க்காத அம்மக்களை நினைப்போம். அவர்கள் பொருட்டு உறங்காதிருந்தோரையும் நினைப்போம்.