இராமநாதபுரம் கடற்கரையின் தொலைந்த வணிகக் கணக்குகளும் அவை மீண்ட வழிகளும்

வணிக நிறுவனம் ஒன்றின் கணினி வன்தட்டு பழுதாகிவிட்டால் அதிலிருந்த கணக்குகளை மீட்க இரண்டு வழிகள்தாம் உண்டு. பழுதான தட்டிலேயே அழியாமல் எஞ்சியிருக்கும் துணுக்குகளைத் தேடி எடுப்பது ஒன்று. அதே கணக்கின் படி வேறெங்காவது இருந்தால் அங்கிருந்து பெறுவது மற்றொன்று. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கி எழுதிய 'ரெய்டு' என்னும் முறையும் இந்த இரண்டாவது வழியைச் சார்ந்ததே. பல தட்டுகளில் ஒன்று கெட்டாலும், மற்றவற்றில் உள்ளதைக் கொண்டு கெட்டதன் உள்ளடக்கத்தைக் கணித்துவிடலாம்.

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கடல் வணிகம் நடந்துள்ளது. அந்த வணிகர்கள் எழுதிவைத்த கணக்குகளில் நம் கைக்கு நேராக வந்து சேர்ந்தவை மிகச் சில. ஆயினும் அவ்வணிகத்தைப் பற்றி நமக்குக் கணிசமாகத் தெரிந்திருக்கிறது. அது எப்படித் தெரிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓலையில் இருந்த கணக்கு

இராமநாதபுரம் சீமையில் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கீறலில் கரியைத் தடவினால் எழுத்து தெளிந்து நிற்கும். மலிவானது, கையடக்கமானது, கடற்பயணத்துக்கும் ஏற்றது. ஆனால் கரையான், இராமபாணப் பூச்சி, கடற்காற்றின் ஈரம் ஆகிய மூன்றும் ஓலைக்குப் பகை. நன்றாகப் பேணப்பட்ட சுவடிகூட முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுவது அரிது.

இலக்கியமும் மருத்துவமும் பிழைத்ததற்குக் காரணம், தலைமுறைதோறும் யாரேனும் அவற்றைப் படியெடுத்து வந்ததே. கணக்கோலையை யார் படியெடுப்பார்? கடன் தீர்ந்ததும் அந்த ஓலைக்கு வேலை முடிந்தது. பேரன் காலத்தில் அது பரணில் கிடக்கும் குப்பை. ஆகவே எழுதப்பட்டவற்றுள் மிக அதிகமாக எழுதப்பட்டதும் வணிகக் கணக்குதான், மிக விரைவாக அழிந்ததும் அதுதான்.

செப்பேடு அழிவதில்லை. சேதுபதி மன்னர்கள் வழங்கிய செப்பேடுகள் பல கிடைத்துள்ளன. இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ். எம். கமால் அவற்றைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். ஆனால் செப்பேட்டில் பொறிக்கப்படுவது கொடை. இன்ன கப்பலில் இத்தனை மூட்டை அரிசி போயிற்று என்று செம்பில் வெட்டிவைப்பார் இல்லை.

அழகன்குளத்துப் பானை ஓடுகள்

வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ளது அழகன்குளம். சங்க நூல்கள் கூறும் மருங்கூர்ப்பட்டினம் இதுவே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986-87 தொடங்கி இங்குப் பலமுறை அகழாய்வு செய்தது. உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், சுழல்வட்ட அலங்காரம் கொண்ட மட்கலங்கள், கி.பி. 4ஆம் நூற்றாண்டு உரோமானியக் காசுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவை வெளிவந்தன. ஓர் ஓட்டில் கப்பல் உருவமே கீறப்பட்டிருந்தது. பண்டைக் கப்பல்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் லயனல் காசன் அதை மூன்று பாய்மரங்கள் கொண்ட பெரிய உரோமானியக் கப்பல் என்று அடையாளம் கண்டார்.

பானையில் பெயரைக் கீறியவர் வரலாற்றுக்காகக் கீறவில்லை. பண்டகசாலையில் தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை. ஆனால் ஓலை மட்கிப்போக, உடைந்து வீசப்பட்ட பானை மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. பழுதான தட்டில் எஞ்சிய துணுக்கு என்று சொன்னேனே, அது இதுதான்.

துணுக்கின் மறுபாதி செங்கடல் கரையில் இருந்தது. எகிப்தின் குசைர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கிடைத்தன. அங்கேயே 'பானை ஒறி' என்று எழுதிய சேமிப்புச் சாடியின் ஓடும் கிடைத்தது. இதை உறியில் தொங்கவிடும் பானை என்று விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். பெரனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு இருந்தது. கணக்கு போயிற்று, சரக்கே கிடைத்துவிட்டது!

ஒரே ஓர் இடத்தில் கணக்கும் கிடைத்திருக்கிறது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் பாப்பிரஸ் ஏடு ஒன்றை 1985இல் ஹெர்மன் ஹராவர், பீட்டர் சைபஸ்டைன் ஆகியோர் வெளியிட்டனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் ஒரு பக்கத்தில் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம், கங்கைப் பகுதியின் நறுமணப் பொருள் முதலியவற்றின் எடையும் விலையும். முசிறி மேற்குக் கரையில் உள்ளது, நம் கரையில் அன்று. இருந்தாலும் இதை இங்குக் குறிப்பிடக் காரணம் உண்டு. அதே ஒப்பந்தத்தின் மறுபடி முசிறியில் யாரிடமாவது இருந்திருந்தால் நம் மழைக்கு அது நூறு ஆண்டுகூடத் தாங்கியிருக்காது. எகிப்தின் வறண்ட மணல் தன்னிடம் வந்த படியைக் காத்தது.

கல்லும் பீங்கானும்

தொண்டிக்கு வடக்கே உள்ள தீர்த்தாண்டதானம் கோயிலில் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் உள்ளிட்ட வணிகக் குழுக்கள் ஒன்றுகூடி, துறைமுகத்துச் சரக்குகளின் மீது ஒரு பங்கைக் கோயில் திருப்பணிக்கு விடுவதாக ஒத்துக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. கோயிலுக்குப் பங்கு விடாதிருந்தால் இந்தக் குழுக்கள் இங்கே இருந்த செய்தியும் ஓலையோடு போயிருக்கும்.

பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழாய்வு நடத்தியது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா அங்கு 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகளை ஏராளமாகக் கண்டு ஆராய்ந்தார். வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் 'தாபாதான்' என்றோர் ஊர் வருகிறது. 'தா' என்றால் சீன மொழியில் பெரிய. 'பாதான்' என்பது பட்டினம். அது பெரியபட்டினமே என்பது கராஷிமாவின் முடிவு.

சீதக்காதியின் வணிகம்: எதிராளியின் ஏட்டில்

வணிகத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஒருவர் பேரேட்டில் பற்று எழுதினால், அதே தொகை மற்றொருவர் பேரேட்டில் வரவாக எழுதப்படும். அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பிறக்கும்போதே இரண்டு படிகளாகப் பிறக்கிறது. யாரும் திட்டமிடாமலே அமைந்த காப்பு இது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

செய்கு அப்துல் காதிறு என்னும் இயற்பெயர் கொண்ட சீதக்காதி, பெரியதம்பி மரக்காயர் என்றும் அறியப்பட்டவர். கிழவன் சேதுபதியின் காலத்தவர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற வழக்கை அறியாத தமிழர் இல்லை. வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது, 'இவ்வளவு கொடுத்தவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?' என்று எந்த மாணவராவது கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. தமிழ் இலக்கியம் அவர் கொடுத்ததைப் பாடுகிறது, ஈட்டியதைச் சொல்வதில்லை. அவருடைய கப்பல் கணக்கும் கடைக் கணக்கும் கிடைக்கவில்லை.

விடை டச்சுக்காரர்களின் ஏடுகளில் இருந்தது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. மதுரைக் கடற்கரை அலுவலகங்கள் கொழும்பு ஆளுநரின் கீழ் வந்தன. கம்பெனியின் வழக்கம் வியப்பானது. ஒவ்வோர் அலுவலகமும் கடிதங்களையும் கணக்குகளையும் படியெடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். தூத்துக்குடித் தாள் கொழும்புக்குப் போகும். கொழும்பிலிருந்து படியெடுத்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு படி ஹாலந்துக்குக் கப்பலேறும். கப்பல் மூழ்கலாம் என்று அஞ்சி ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்களில் படிகளை அனுப்புவதும் உண்டு. இப்படிச் சேர்ந்தவற்றில் ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள் இன்று ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன், சென்னை ஆகிய ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. யுனெஸ்கோ 2003இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் இந்த ஏடுகளைப் படித்து, பெரியதம்பி மரக்காயரைப் பற்றி 1964இல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பாட்டில் வள்ளலாக மட்டும் நின்றவர் அதில் பெருவணிகராக எழுந்தார். கப்பல்கள் வைத்திருந்தவர், சேதுபதியின் வணிகத்தை முன்னின்று நடத்தியவர், டச்சுக்காரர்களுக்கு ஓயாத தலைவலியாக இருந்தவர். பின்னர் டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய இருவரும் தமிழ்ப் பாடல்களையும் டச்சு ஏடுகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தனர். லென்னார்ட் பெஸ் என்ற டச்சு ஆய்வாளர் சேதுபதிகளைப் பற்றிய பதிவுகளை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். சீதக்காதி வாழ்ந்த ஆண்டுகள் எவை, டச்சு ஏடுகளில் வரும் பெரியதம்பிகள் எல்லாரும் ஒருவரா, பட்டப்பெயர் தாங்கிய வெவ்வேறு ஆட்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இன்றும் நிலவுகிறது.

முத்துக்குளிப்பும் இவ்வாறே மீண்டது. குளிப்பவர் மூழ்குவதற்குப் பயன்படுத்தும் கல்லை வைத்தே டச்சுக்காரர் வரி விதித்தனர். எனவே எத்தனை தோணி, எத்தனை கல், வரியில்லாக் கல் யார் யாருக்கு உரிமை என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். அரசருக்கும் சாதித் தலைவர்களுக்கும் இருந்த உரிமையை இந்தக் கற்களின் எண்ணிக்கையிலிருந்து அறியலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது எதிராளி எழுதிய கணக்கு. டச்சுக்காரர் பாக்கு, முத்து, சங்கு முதலியவற்றில் தனியுரிமை கொண்டாடினர். தங்களிடம் அனுமதிச் சீட்டு பெறாத கப்பலைப் பிடித்தனர். தலைமுறை தலைமுறையாக இலங்கைக்கு அரிசியும் துணியும் கொண்டுபோய்ப் பாக்கு ஏற்றிவந்த மரக்காயருக்கு அது தொழில், டச்சு எழுத்தருக்கு அது கள்ளக்கடத்தல். மீண்டு வந்த தரவில் 'கடத்தல்' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் நாம் வேறு கண்ணோடு படிக்க வேண்டியிருக்கிறது. மேலும், டச்சுக்காரர் கண்ணில் படாமல் போன கப்பல் எந்த ஏட்டிலும் இல்லை. கெட்டிக்கார வணிகரின் பயணங்களே நமக்குக் கிடைக்காமல் போயின என்பது ஒரு விந்தை.

தனுஷ்கோடி

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம் எல்லாம் அந்த மணல்திட்டில் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே கடலுக்குள் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் வண்டியும் மூழ்கியது. வண்டியில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தனர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் இந்த எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். எழுதப்படாத ஒன்றை எந்த முறையாலும் மீட்க முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

துறைமுக வணிகத்தின் நிலை வேறு. தனுஷ்கோடியில் ஏற்றிய சரக்கு தலைமன்னாரில் இறங்கியாக வேண்டும். இறங்கிய இடத்திலும் அது பதிவாகும். இரயில்வேயும் சுங்கமும் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பும். ஊர் மூழ்கினாலும் ஊரின் வணிகம் முழுவதும் மறைந்துவிடவில்லை என்றால் அதற்குக் காரணம், அதன் கணக்கு அந்த ஊரில் மட்டும் இல்லை என்பதே.

கையில் இருந்தும் படிக்க முடியாதவை

கணினித் துறையில் ஒரு தொல்லை உண்டு. தட்டு நன்றாக இருக்கும், கோப்பும் இருக்கும், அதைத் திறக்கும் மென்பொருள்தான் கிடைக்காது. இக்கரையிலும் அந்நிலை உண்டு.

பழைய கணக்கோலைகளில் தொகை தமிழ் எண்களில் இருக்கும். அது மட்டுமன்று, பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்தவை இவை. தமிழில் பட்டம் பெற்றவர்களிலும் இக்குறிகளை வாசிக்கக் கூடியவர் இன்று மிகக் குறைவு. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கும் இதைச் சொல்லித்தரவில்லை.

கீழக்கரை முதலிய ஊர்களின் மரக்காயர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி எனப்படும் இம்முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளின் மேல் புள்ளிகளும் குறிகளும் சேர்க்கப்பட்டன. சமய நூல்களோடு அன்றாடக் கடிதங்களும் இவ்வெழுத்தில் எழுதப்பட்டன. அரபி மட்டும் தெரிந்தவருக்கு எழுத்து தெரியும், பொருள் விளங்காது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எழுத்தே விளங்காது. இரண்டையும் அறிந்து அர்வியைச் சரளமாகப் படிக்கும் தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

ஹேக் நகரத்துக் காப்பகமோ கையெழுத்தைக் கணினியே படிக்கும்படி செய்து, டச்சுக் கம்பெனியின் இலட்சக்கணக்கான பக்கங்களை இணையத்தில் தேடத்தக்கதாக ஆக்கிவருகிறது. 'பெரியதம்பி' என்ற பெயரை டச்சு எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பதால், தேடுபவர் பல எழுத்துக்கூட்டல்களையும் முயன்று பார்க்க வேண்டும்.