சோப்பா, பினாயிலா? தரை துடைத்த வரலாறு

மக்களே, ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

தரையில எண்ணெய்ப் பிசுக்கு, அது மேல மண்ணு, அது மேல பால் சிந்தின கறை. இதுக்கு மேல ஒரு மூடி பினாயில் ஊத்தி மாப் போட்டா வீடு சுத்தமாயிடுமா?

"வாசனை வருதே டாக்டர், அப்போ கிருமி செத்துருச்சுனுதானே அர்த்தம்?" என்று பலர் கேட்பார்கள்.

இல்லைங்க. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. நீண்ட பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்கள் வீட்டுக்குத் தேவையான விஷயமும் இருக்கிறது.

*

முதலில் சோப்பு.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணியைப் பிடிக்கும். இப்படி அழுக்கைத் தரையிலிருந்து பெயர்த்து தண்ணியோடு அனுப்பிவிடும். அழுக்கோடு ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்து போய்விடும்.

கவனிங்க. சோப்பின் முக்கிய வேலை கிருமியைக் கொல்வது அல்ல. அப்புறப்படுத்துவது.

கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பு. நம்ம ஊரில் பாத்திரம் தேய்க்கச் சாம்பலும், துணி வெளுக்க உவர்மண்ணும் பயன்பட்டதற்குக் காரணம் அவற்றில் இருந்த இந்தக் காரம்தான்.

1791இல் பிரான்சில் லெப்ளாங்க் என்பவர் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு மரச்சாம்பலை நம்பி இருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. சோப்பு ஆலைகள் பெருகின.

ஆனால் இங்கிலாந்தில் சோப்புக்கு வரி இருந்தது தெரியுமா? 1712இல் போட்ட வரி. 141 வருடம் கழித்து 1853இல்தான் அதை எடுத்தார்கள். அதுவரை ஏழைக்கு சோப்பு என்பது யோசித்து வாங்கவேண்டிய பொருள்.

*

வரி போன அடுத்த வருடம், 1854. கிரிமியப் போர்.

காயம்பட்ட, நோயுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, இஸ்தான்புல் பக்கத்தில் ஸ்குட்டாரி என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே துருக்கிய ராணுவக் குடியிருப்பு ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். 1854 நவம்பரில் 38 பெண்களோடு அங்கே போய் இறங்கினார் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்.

அவர் பார்த்தது அழுக்குத் தரை, உடம்பெல்லாம் பேன், நிரம்பி வழியும் கழிப்பறை. உடனே தேய்க்கும் பிரஷ் வாங்க ஏற்பாடு செய்தார். துணி துவைக்க வழி செய்தார். தரையைத் தேய்த்துக் கழுவ வைத்தார்.

இதுவரை நாம பள்ளிக்கூடத்தில் படிச்ச கதை. "கையில் விளக்கேந்திய தேவதை வந்தார், சுத்தம் செய்தார், மரணம் குறைந்தது."

ஆனால் நடந்தது வேறு. அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்க மரணம் கூடிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் 100க்கு 42 பேர் என்ற அளவுக்கு இறப்பு போனது. பெரும்பாலானவர்கள் செத்தது துப்பாக்கிக் குண்டால் அல்ல. காலரா, சீதபேதி, டைஃபஸ்.

தரையைத் தேய்த்தும் ஏன் குறையவில்லை?

அந்தக் கட்டிடமே சாக்கடைக்கு மேல் நின்றது. தரைக்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும், கீழே அடைபட்ட சாக்கடை அப்படியே கிடந்தது. காற்றோட்டம் இல்லை. குடிதண்ணீரும் சுத்தமில்லை.

1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு ஒன்று அங்கே வந்தது. சதர்லாந்து என்ற மருத்துவரும் ராலின்சன் என்ற பொறியாளரும் அதில் இருந்தார்கள். சாக்கடையைத் திறந்து கழுவி விட்டார்கள். செத்த விலங்குகளை அப்புறப்படுத்தினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்தார்கள்.

ஜூன் மாதத்தில் இறப்பு 100க்கு சுமார் 2.

போர் முடிந்து ஊர் திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு உட்கார்ந்து இந்தக் கணக்குகளை அலசினார். சுகாதாரக் கேடே அத்தனை பேரைக் கொன்றது என்று அந்த எண்கள் சொல்லின. 1858இல் அதைப் படமாகவே வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். விளக்கைவிட அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் அந்தப் படம்தான் என்பேன்.

*

சரி, கிருமியைக் கொல்லும் பொருள் எப்போ வந்தது?

1847, வியன்னா. பிரசவ வார்டில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக ஜன்னி கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர்.

மாணவர்கள் கை கழுவாமல் வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஆனாலும் கையில் பிண வாடை போகவில்லை. வாடை போகவில்லை என்றால் ஏதோ ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது என்று யோசித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில், அதாவது நம்ம ப்ளீச்சிங் பவுடர் கரைசலில், கையைக் கழுவ வைத்தார். ஏப்ரலில் 100க்கு 18 என்று இருந்த தாய்மார் இறப்பு, கோடையில் 2க்கும் கீழே போனது.

சக மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை. கடைசியில் மனநலக் காப்பகத்தில், உடம்பில் சீழ் பரவி, 1865 ஆகஸ்ட் 13ஆம் தேதி இறந்தார்.

அதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இன்னொரு மருத்துவர் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஏறி கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த காயம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் காலை வெட்டுவார்கள், இல்லையென்றால் ஆளே போய்விடுவார். அவர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தில் கட்டினார். சீழ் வைக்கவில்லை. பையன் காலோடு வீட்டுக்குப் போனான்.

அந்த மருத்துவர் ஜோசப் லிஸ்டர்.

கார்பாலிக் அமிலம் எங்கிருந்து கிடைத்தது? நிலக்கரித் தாரிலிருந்து. கார்லைல் என்ற ஊரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்க இதைப் பயன்படுத்துவதைக் கேள்விப்பட்டுத்தான் லிஸ்டர் காயத்துக்கே கொண்டு வந்தார். சாக்கடைக்குப் போன மருந்துதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்தது!

*

இப்போ நம்ம வீட்டு பினாயிலுக்கு வருவோம்.

1877இல் லண்டனில் ஜான் ஜேய்ஸ் என்பவர் தாரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொண்டு ஒரு கிருமிநாசினிக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம கறுப்பு பினாயிலும் இந்தக் குடும்பம்தான்.

கறுப்பு பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகும், பார்த்திருப்பீர்கள். தார் எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதைச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரித்து மிதக்க வைப்பது எது தெரியுமா? உள்ளே சேர்த்திருக்கும் சோப்பு. சோப்பு இல்லாமல் பினாயிலே கிடையாது.

1889இல் ஜெர்மனியில் லைசால் வந்தது. அதுவும் கிரசாலும் சோப்பும் கலந்ததுதான்.

சந்தையில் பல சரக்கு வந்ததும் எது வீரியமானது என்று சண்டை. 1903இல் ரிடியல், வாக்கர் என்ற இருவர் ஒரு சோதனை கொண்டு வந்தார்கள். டைஃபாய்டு கிருமியைக் கொல்வதில் சுத்தமான பீனாலைவிட இந்த மருந்து எத்தனை மடங்கு வீரியம் என்று பார்ப்பது. பினாயில் டப்பாவில் "ஆர்.டபிள்யூ.சி." என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அது இதுதான்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. சோதனையில் கிருமி மட்டும்தான் இருந்தது, அழுக்கு இல்லை. நிஜத்தில் அப்படியா?

அந்த ஓட்டையைப் பிடித்தவர் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி. லண்டனில், லிஸ்டர் பெயரிலேயே இருந்த ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். 1908இல் அவரும் சார்லஸ் மார்ட்டினும் சேர்ந்து, காய்ந்த மனித மலத்தைக் கலந்து அதே சோதனையைச் செய்தார்கள். அழுக்கு சேர்ந்ததும் கிருமிநாசினிகளின் வீரியம் விழுந்தது. சுத்தமான தண்ணியில் சிங்கமாக இருந்த மருந்து அழுக்குத் தண்ணியில் பூனையானது.

அழுக்கின் மேல் பினாயில் ஊற்றுவது ஏன் வீண் என்பதற்கு 1908லேயே விடை வந்துவிட்டது மக்களே. மருந்தை முதலில் அழுக்கே குடித்துவிடும். மிச்சம் இருந்தால்தான் கிருமிக்கு. ப்ளீச்சிங் பவுடருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

*

1935இல் ஜெர்மனியின் டோமாக் புது வகை ஒன்றை வெளியிட்டார். பென்சல்கோனியம் குளோரைடு. இன்று நல்ல வாசனையோடு கடையில் கிடைக்கும் பல தரை துடைக்கும் திரவங்களில் இருப்பது இதுதான். பாட்டிலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

இதில் ஒரு முக்கியமான சமாச்சாரம். இது நேர்மின் தன்மை உள்ளது. சோப்பும் சலவைத்தூளும் எதிர்மின் தன்மை உள்ளவை. ரெண்டையும் ஒரே வாளியில் கலந்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ரெண்டுமே வேலை செய்யாது. "கொஞ்சம் சர்ஃப், கொஞ்சம் ஃப்ளோர் கிளீனர், டபுள் பவர்" என்று கலக்குகிறவர்கள் உண்மையில் ரெண்டு காசையும் வாளியில் கரைக்கிறார்கள்.

1966இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆயிலிஃப் குழுவினர் வார்டுத் தரையில் ஆராய்ந்தார்கள். சோப்புத் தண்ணீர் மட்டும் போட்டுத் துடைத்ததில் கிருமிகள் சுமார் 80 சதவீதம் குறைந்தன. பீனால் வகைக் கிருமிநாசினி போட்டால் 94 முதல் 99.9 சதவீதம். ஆனால் சில மணி நேரத்தில், ஆள் நடமாட்டத்தில், ஏறக்குறைய பழைய நிலைக்கே தரை திரும்பிவிட்டது.

அதாவது, வார்டுத் தரையிலேயே அந்தக் கூடுதல் பலன் சில மணி நேரம்தான். ரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடத்துக்குக் கிருமிநாசினி கட்டாயம் வேண்டும். சாதாரண நாளில் வீட்டுத் தரைக்கு நல்ல சோப்பும் நல்ல தண்ணியும் போதும்.

*

சரி டாக்டர், எந்தத் தரைக்கு எந்த சோப்பு?

✅ போர்வெல் உப்புத்தண்ணி உள்ள வீடுகளில் கட்டி சோப்பு வேண்டாம். தண்ணியில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து திரிந்து, தரையில் வெள்ளைப் படலமாக ஒட்டும். அதில் மறுபடி அழுக்கு பிடிக்கும். சலவைத்தூள் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் நல்லது. முதல் உலகப் போரில் கொழுப்புத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனி உருவாக்கத் தொடங்கிய செயற்கை டிடர்ஜென்ட்டின் வாரிசுகள் இவை. உப்புத்தண்ணியில் இப்படித் திரியாது.

✅ சமையலறைப் பிசுக்குக்கு வெந்நீரில் டிடர்ஜென்ட் கரைத்து ஊற்றி, 5 முதல் 10 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பிரஷ். பிறகு அழுக்குத் தண்ணியைத் தள்ளி வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணியில் அலசுங்கள். அலசாமல் விட்டால் வழுக்கும். வயசானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிய அது ஒன்றே போதும்.

✅ கிருமிநாசினி வேண்டுமென்றால் அலசிய பிறகு, தனியாக. டப்பாவில் சொன்ன அளவில். கொஞ்ச நேரம் ஈரமாக இருக்க விடுங்கள்.

✅ ரெண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணி, இன்னொன்றில் மாப்பை அலசும் தண்ணி. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைப்பது, கக்கூஸ் அழுக்கைக் கூடத்துக்குக் கொண்டு வருவதற்குச் சமம். மாப்பைத் துவைத்து வெயிலில் காய வையுங்கள்.

❌ மொசைக், மார்பிள், சிமெண்ட், ஆத்தங்குடி கல் தரைகளில் ஆசிட் ஊற்றாதீர்கள். நுரை பொங்குவது அழுக்கு போவதால் அல்ல, தரையே கரைவதால்.

❌ ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. கதவு மூடிய பாத்ரூமில் இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கலந்து மூச்சு முட்டினால் உடனே வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள், 108ஐ அழையுங்கள்.

❌ பினாயில், ஆசிட் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

*

கடைசியாக ஒன்று.

ஸ்குட்டாரியில் நாம் கற்ற பாடம் தரையோடு நிற்பதல்ல. வீட்டுக்குள் மூன்று வேளை துடைத்துவிட்டு, வாசல் சாக்கடை அடைபட்டுக் கிடந்தால், குடிதண்ணீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தால், எந்தப் பினாயிலும் நம்மைக் காப்பாற்றாது. உள்ளே துடைப்பது நம் வேலை. வெளியே சரியாக இருக்கிறதா என்று கேட்பதும் நம் வேலை.

இன்னொன்றும். லிஸ்டர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, நைட்டிங்கேல் பெயர் இருக்கிறது. அந்த வார்டுகளில் மண்டியிட்டுத் தேய்த்தவர்களின் பெயர் இல்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரித் தரையில் வாளியும் மாப்புமாக நிற்கும் அக்காக்களும் அண்ணன்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான். அவர்கள் இப்போதுதான் துடைத்த தரையில் செருப்போடு நடக்கும் முன் ரெண்டு நிமிஷம் காயட்டும் என்று நில்லுங்கள். நோயாளிக்கும் நல்லது, அவர்களுக்கும் மரியாதை.

வீட்டில் மாப் பிடிப்பவர் யாரோ அவருக்கு இதை அனுப்புங்கள். இன்னும் நல்லது, இன்னைக்கு ஒரு நாள் அந்த மாப்பை நீங்க வாங்கிக்கோங்க.