தேய்ந்த சொற்கள்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பதுளையிலோ பண்டாரவளையிலோ மே தினக் கூட்டமொன்றில் அரை மணி நேரம் நிற்பவன், "நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு" என்னும் தொடரைச் சில தடவைகளாவது கேளாமல் வீடு திரும்புதல் அரிது. மேடையில் நிற்பவர் எக்கட்சியினர் என்பது பொருட்டன்று. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறுவனாக இருந்த காலத்தில் இத்தொடரை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. இன்று எரிச்சலே மிஞ்சுகிறது. அந்த எரிச்சலுக்குத் தக்க காரணம் உண்டா என்று தேட முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

நமது விடுதிகளிலே வழங்கும் கொச்சைச் சொற்கள் ஓராண்டில் முளைத்து மறு ஆண்டில் உதிர்ந்து விடுவன. அவற்றால் வருந்துவது காது மட்டுமே. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின்மீது அலுவலக ஏடும் சட்டமும் சந்தைத் தெருவும் சேர்ந்து ஒட்டிவிடும் சொற்கள் அத்துணை எளிதில் உதிர்வதில்லை. மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இத்தகைய சொற்களின் வரிசை "கூலி" என்பதிலிருந்து தொடங்குகின்றது.

கூலி என்பது பழைய சொல். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்திச் செய்த முயற்சியின் பயனைக் குறிக்க வள்ளுவர் இச்சொல்லைக் கையாண்டுள்ளார். உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர், ஐரோப்பியர் வாய்ப்பட்டபின் உழைப்பவனின் பெயராயிற்று. (குஜராத்திலுள்ள கோலி என்னும் இனப்பெயரோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர்.) 1820களில் கோப்பிச் செய்கைக்கென ஆட்கள் கொண்டுவரப்பட்ட காலந்தொட்டு அரசாங்க ஏடுகளிலும் தோட்டக் கணக்குகளிலும் இவர்கள் "கூலிகள்" என்றே எழுதப்பட்டனர். கோ. நடேசய்யர் 1931இல் தோட்ட மக்களுக்கென அமைத்த சம்மேளனத்தின் பெயரிலே "தொழிலாளர்" என்ற சொல் இடம்பெற்றமை சிறு மாற்றமன்று. ஊதியத்தைக் குறித்த சொல்லிலிருந்து மனிதனை மீட்டெடுக்கும் வேலை அதில் இருந்தது.

"லயம்" என்பதும் இவ்வாறே அமைந்தது. வரிசை என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் லயமாயிற்று. இசையிலே லயம் ஒன்றுதலைக் குறிக்கும்; தோட்டத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் ஒடுங்குதலைக் குறிக்கும். கோப்பிக் காலத்துத் தற்காலிகக் கொட்டில் முறை தேயிலைக் காலத்தில் நிரந்தரமாயிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுள் மூழ்கியவை லயங்களே. அவ்விடம் அபாயமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது.

தோட்ட மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட அல்லது தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்ட சொற்கள் வேறு வகையின. அவற்றை மிகைச் சொற்கள் என்று எவரும் கூற இயலாது. காலையில் பிரட்டுக்களம், பின்னர் மலை. இங்கு மலை என்பது வான்தொடும் சிகரமன்று. இலக்கமிட்ட தேயிலை நிலத்துண்டு. "எட்டாம் நம்பர் மலையில் இன்று கொழுந்து" என்றால் எங்கே, என்ன வேலை என்பன இரண்டும் விளங்கிவிடும். கவ்வாத்து, முள்ளுக்குத்து, மட்டக்கம்பு, இடுப்பிற் கட்டும் படங்கு ஆகிய ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளையே சுட்டும். இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது "பேர்" என்ற சொல். செக்றோலில் ஒருநாள் வேலை பதியப்படுவதே பேர். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிடின் அரைப்பேர். மனிதரின் பெயரும் ஒருநாட் சம்பளமும் ஒரே சொல்லில் வந்து முட்டுகின்றன. பெயரைப் பாதியாக வெட்டலாம் என்பதை வேறு எந்தத் தொழிலின் மொழியிலும் நான் கண்டதில்லை.

இதனைவிடக் கசப்பான சொல் "துண்டு". இன்ன கங்காணியின் ஆட்கள் இவ்வளவு தொகை கடன்பட்டுள்ளனர், அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குச் செல்வான்; அங்குள்ள துரை கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றுக்கொள்வான். கடன் பெருகுமேயன்றிக் குறையாது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு என்ற சொல்லில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆயினும் அடிமைத்தனம் பற்றிய மேடைப் பேச்சுக்கள் பல சொல்லாததை அது சொல்லிவிடுகிறது.

இனி, 1948க்குப் பின்னர் தோன்றியவற்றை நோக்குவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று, எஸ். எம். சுப்பையா அதன் உறுப்பினரானார். மறு ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து அவரைத் தெரிவுசெய்த மக்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. 1952இல் காங்கிரசின் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. "நாடற்றவர்" என்ற சொல் இக்காலத்திற் பிறந்த சட்டச்சொல். அதன் தெருவழக்கே "கள்ளத்தோணி".

இந்த வசை வரலாற்றுக்கு முற்றிலும் முரணானது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின் வந்தோர் இலங்கை அரசாங்கமே நடத்திய மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குள்ளாகி, பதிவான பின்னரே கப்பலேறினர். இவர்களுக்குத் தோணியும் இல்லை, கள்ளமும் இல்லை. எனினும் 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொருநாள் பார்க்கலாம் என்று ஒதுக்கிய காலத்திலும் இச்சொல் சந்தைகளில் வழங்கிற்று. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. சட்டச்சொல் அத்துடன் பெரும்பாலும் ஓய்ந்தது, தெருச்சொல் ஓயவில்லை.

"தோட்டக்காட்டான்" என்பதைப் பற்றி எழுதும்போது நாம் சற்று நேர்மையாக இருத்தல் வேண்டும். இதனை வழங்கியோர் சிங்களவர் அல்லர், தமிழர். நகரத்துக் கடைக்காரரும், வடக்கு கிழக்கிலிருந்து வந்த உத்தியோகத்தரும், அவர்தம் பிள்ளைகளும் வழங்கினர். நான் பல்கலைக்கழகம் புகுந்த முதல் வாரத்தில் என் தமிழைக் கேட்டு ஒருவர் நகைச்சுவையாகவே இச்சொல்லைக் கூறினார். உடனிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். அன்று சிரித்ததே இன்றளவும் என்னை உறுத்துகின்றது. ஹாலிஎலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப் என்பார், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு "தெளிவத்தை ஜோசப்" ஆனார். 2022இல் மறையும்வரை ஈழத்து இலக்கிய உலகம் அவரை அப்பெயராலேயே அறிந்தது. தோட்டம் என்பதை வசையாக்கியோர்க்கு அவர் தனியாக விடை எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை.

வசைச்சொற்களுக்கு எதிராக எழுந்த நற்சொல் "மலையகம்". 1960களில் இர. சிவலிங்கம் முதலான ஆசிரியர்களும் அவர்தம் மாணவரும் இதனைப் பரப்பினர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இட்ட "இந்தியத் தமிழர்" என்ற பெயருக்கு மாறாக, தாம் வாழும் மண்ணால் தம்மை அழைத்துக்கொள்ளும் முயற்சி அது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோதும் அச்சொல் உயிரோடிருந்தது. ஆனால் இன்று எழுச்சி, விழிப்புணர்வு, மறுமலர்ச்சி, மைந்தன், விடிவெள்ளி என எதன் முன்னும் மலையகம் ஒட்டப்படுகின்றது. "தேசிய நீரோட்டம்" என்ற தொடரோ இன்னும் மோசம். கொழுந்துக் கூடையோடு நூற்றாண்டுக்கு மேல் அந்நீரில் நிற்பவரை நோக்கி, இனிமேல்தான் இறங்க வேண்டும் என்று கரையில் நிற்பவர் அழைப்பது போன்றது.

"ஆயிரம் ரூபா" என்னும் எண்ணும் இவ்வாறு ஒரு முழக்கமாகிப் பல ஆண்டுகள் சுவரொட்டிகளில் வாழ்ந்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வர்த்தமானி மூலம் அது 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாக வந்தது. மறு ஆண்டு விலைவாசி அதன் பெறுமதியைத் தின்றது. முழக்கம் வென்றது, அடுப்படியில் கணக்கு முன்போலவே நின்றது.

முதுகெலும்பிற்கு மீள்வோம். தேயிலை முதன்மை ஏற்றுமதியாக இருந்த காலத்தில் இவ்வுவமைக்கு ஆதாரம் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையின் வருமானத்தை முந்திவிட்டது. உவமை மட்டும் மாறவில்லை. 1949இல் உண்மையாகவே முதுகெலும்பாயிருந்தவரிடமிருந்துதான் வாக்கு பறிக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. முதுகெலும்பு என்று அழைப்பதற்கும் மனிதர் என்று ஏற்பதற்கும் தொடர்பு அன்றும் இருக்கவில்லை.

சென்ற விடுமுறையில் கூட்டமொன்று முடிந்து வீடு வந்தபோது, பேச்சாளர் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். "என்னமோ எலும்பு கிலும்புன்னாரு. எனக்கு நேத்து அரைப்பேருதான் போட்டிருக்காங்க, அதைக் கேக்கலாம்னு நின்னேன், கேக்க விடல" என்றார்.