வழங்கி

கணினித் தமிழில் ‘சர்வர்’ என்பதற்கு வழங்கி என்கிறோம். ‘வழங்கு’ என்ற வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்த சொல். ஒலிபெருக்கி, மின்தூக்கி போல. விளங்கு ‘விளக்கு’ ஆனது போல, வழங்கு ‘வழக்கு’ ஆயிற்று. தொல்காப்பியத்தில் வழக்கு என்றால் மக்களின் பேச்சு நடை; இன்று நீதிமன்ற வழக்குக்கும் அதே சொல்தான்.

இந்த இரண்டு பொருளும் சொந்த வழங்கி வைத்திருப்பவருக்குப் பொருந்தும். வீட்டு மோடத்தை ஒட்டி உள்ளங்கையளவு கணினி ஒன்று போதும். பத்துப் பேர் கூடிப் பேசலாம். யார் பேசலாம், எது கூடாது என்பதை அந்தப் பத்துப் பேரே வகுக்கலாம். 2019 நவம்பரில் ட்விட்டர்மீது சினம் கொண்ட இந்தியர் பலர் பல தனி வழங்கிகளில் இயங்கும் மாஸ்டடான் சமூக வலைத்தளத்துக்குப் போனது இத்தகைய இடத்தை நாடித்தான்.

ஆனால் பிறர் எழுத்தைத் தாங்கும் எவரும் இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ‘இடையீட்டாளர்’. உரிய கவனத்தோடு நடந்தால், பிறர் எழுத்துக்கான பொறுப்பிலிருந்து அதன் 79ஆம் பிரிவு காக்கும். 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழங்கி வைப்பவர், வழக்கும் அறிந்திருக்க வேண்டும்.